கரண்டியைத் திருப்பிப் பார்

போன மாதம் ஒரு சாயங்காலம் எங்கள் தெருப் பிள்ளைகள் மூன்று பேர் திண்ணைக்கு வந்து உட்கார்ந்தார்கள். "தாத்தா, சண்டே மார்க்கெட்ல பழைய வெள்ளி கண்டுபிடிச்சு வாங்குவீங்களாமே, எங்களுக்கும் சொல்லிக்குடுங்க" என்று கேட்டார்கள். ஆலையில் வேலை பார்த்த காலத்தில் ஞாயிறு ஒன்றுதான் எனக்கு லீவு. உறுவையாறு கிராமத்திலிருந்து சைக்கிளை மிதித்து வில்லியனூர் வழியாகப் புதுச்சேரி டவுனுக்குப் போவேன். காந்தி வீதி நடைபாதையில் சாக்கு விரித்துப் பரப்பிய பழைய சாமான்களுக்கு முன்னால் குந்துவேன். அந்தப் பழக்கத்துக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. பிள்ளைகளிடம் அன்றைக்கு வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்பினேன். ராத்திரி படுத்த பிறகு விட்டுப்போனதெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. அதனால் எழுதிவிடுகிறேன். எடைக்குப் போய் உருகுகிற நல்ல பொருள்களில் நாலைந்தாவது உங்கள் கையால் பிழைக்கட்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும்.

1. இந்த ஊருக்கு வெள்ளி எப்படி வந்தது என்று முதலில் தெரிந்துகொள்.

புதுச்சேரி நிர்வாகம் 1954 நவம்பர் 1 அன்று இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படி ஒப்படைப்பு நடந்தது 1962 ஆகஸ்ட் 16. அந்த வருடங்களிலும் அதற்குப் பிறகும் பல குடும்பங்கள் பிரான்சுக்குப் போய்விட்டன. கப்பல் ஏறுகிறவர்கள் சாப்பாட்டு மேசையையும் அலமாரியையும் அதற்குள் இருந்த கரண்டிகளையும் கட்டிக்கொண்டா போவார்கள்? சிலதை விற்றார்கள். சிலதைச் சமையல்காரருக்கும் ஆயாவுக்கும் கொடுத்தார்கள். சிலதைச் சொந்தக்காரர் வீட்டுப் பரணில் போட்டுவிட்டுப் போனார்கள். அப்படி இறங்கியவைதான் இன்றைக்கும் சந்தைக்கு வருகின்றன.

இன்னொரு வழி சைகோன். பிரெஞ்சுக்காரர் காலத்தில் நம் பக்கத்து ஆட்கள் சிப்பாயாகவும் குமாஸ்தாவாகவும் இந்தோசீனாவுக்குப் போனார்கள். பென்ஷனோடு திரும்பிய சொல்தா (பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாய்) வீடுகளின் பெட்டிகளில் சைகோன் வெள்ளிக்காசு இருக்கும். இவை இரண்டுக்கும் முன்பிருந்தே நம் பத்தர்கள் தட்டிச் செய்த வெள்ளி ஊர் ஊராக இருக்கிறது. சென்னையிலிருந்து வந்த ஆங்கிலேயர் காலத்துச் சாமானும் கொஞ்சம் உண்டு. கையில் ஒரு பொருள் கிடைத்தவுடன் இது எந்த வழியில் வந்திருக்கும் என்று கேட்டுக்கொள். எங்கே முத்திரையைத் தேடுவது, தேட வேண்டுமா வேண்டாமா என்பதே அதில்தான் இருக்கிறது.

2. திருப்பிப் பார்.

மதகடிப்பட்டுச் செவ்வாய்ச் சந்தையில் மாடு பிடிக்கப் போகிறவர் கொம்பையும் திமிலையும் தூரத்திலிருந்தே பார்த்துக்கொள்வார். விலை பேசுவதற்கு முன்னால் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார். வெள்ளிக்குப் பல் அடியில் இருக்கிறது. கரண்டி என்றால் காம்பின் பின்பக்கம், குவளை என்றால் விளிம்பை ஒட்டியோ அடியிலோ பார். மூடி போட்ட பாத்திரத்தில் மூடியைத் தனியாக, உடலைத் தனியாகப் பார். மூடி ஒன்று, பாத்திரம் வேறொன்று என்று ஜோடி மாறிக் கிடப்பது சகஜம். முத்திரை கடுகளவுதான் இருக்கும். வாட்ச் ரிப்பேர் செய்கிறவர்கள் கண்ணில் செருகிக்கொள்ளும் கண்ணாடி ஒன்று வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள். பத்து மடங்கு பெரிதாகக் காட்டுவது போதும்.

3. பிரெஞ்சு முத்திரைகளை மனப்பாடம் செய்.

நம் ஊரில் இந்த வேலை பார்க்கிறவனுக்கு இது அரிச்சுவடி. பிரான்சில் அரசாங்கமே வெள்ளியைச் சோதித்து முத்திரை குத்தியது. 1838 முதல் 1973 வரை அந்த முத்திரை மினெர்வாவின் தலை. ரோமானியரின் பழைய தெய்வம். தலைக்கவசம் அணிந்த பெண் முகம். எட்டு மூலைச் சட்டத்துக்குள் முகமும் 1 என்ற எண்ணும் இருந்தால் ஆயிரத்துக்கு 950 பங்கு வெள்ளி. ஆங்கிலேயரின் ஸ்டெர்லிங் 925தான்; அதைவிட இது ஒரு படி மேல். 2 என்ற எண் இருந்தால் 800. பழைய கரண்டியில் முகம் தேய்ந்து வெறும் மேடாகத் தெரியும். அப்போது சட்டத்தின் மூலைகளை எண்ணு.

மோதிரம், சிமிழ் போன்ற சின்னச் சாமானுக்கு மினெர்வா முகம் கொள்ளாது. அதனால் பாரிசில் காட்டுப்பன்றித் தலையும், மற்ற ஊர்களில் நண்டும் குத்தினார்கள். நண்டைப் பார்த்துவிட்டு அழுக்கு என்று நகத்தால் சுரண்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன். இறக்கை வைத்த தொப்பியோடு மெர்குரியின் தலை இருந்தால் ஏற்றுமதிக்கென்றே செய்தது. தாடிக்காரக் கிழவர் முகம் இருந்தால் 1838-க்கு முந்தியது. அதைக் கண்டால் கையை விட்டு இறக்காதே. அன்னப்பறவை இருந்தால் எங்கு செய்தது என்று தெரியாத பழைய பொருளை 1893-க்குப் பிறகு பிரான்சில் சோதித்து ஏற்றுக்கொண்டார்கள் என்று அர்த்தம்.

அரசாங்க முத்திரையோடு செய்தவரின் முத்திரையும் இருக்கும். அதன் வடிவத்தைப் பார். சாய்சதுரமாக, சீட்டுக்கட்டு டைமண்டு போல இருந்தால் முழு வெள்ளி. நேர்ச்சதுரமாக இருந்தால் முலாம். உள்ளே இருக்கும் எழுத்தைப் படிக்க முடியாவிட்டாலும் இந்த வடிவ வித்தியாசம் ஒன்றே பாதி வேலையை முடித்துவிடும். பிரெஞ்சுக்காரர்கள் போட்ட சட்டத்திலேயே இந்த ஏற்பாடு இருக்கிறது.

முத்திரை இல்லாமலும் பிரெஞ்சுச் சாமானை அடையாளம் காண ஒரு வழி சொல்கிறேன். அவர்கள் மேசையில் முள்கரண்டியைப் பற்கள் கீழே பார்க்கும்படி கவிழ்த்து வைப்பார்கள். அதனால் குடும்பப் பெயரின் முதலெழுத்துகளை முள்கரண்டியின் முதுகில்தான் செதுக்குவார்கள். ஆங்கிலேயர் நிமிர்த்தி வைப்பார்கள்; அவர்கள் எழுத்து முன்பக்கம் இருக்கும். இரண்டு எழுத்து ஒன்றோடொன்று பின்னிக்கிடந்தால் பெரும்பாலும் மாப்பிள்ளை வீட்டு எழுத்தும் பெண் வீட்டு எழுத்தும். அது கல்யாணச் சீர்.

கைப்பிடி இல்லாத சின்ன வெள்ளிக் குவளை, முட்டை வைத்துச் சாப்பிடும் கிண்ணம், துணி செருகும் வளையம் இவையெல்லாம் பிரெஞ்சு வழக்கத்தில் குழந்தையின் ஞானஸ்நானத்துக்குக் கொடுக்கும் பரிசு. நம் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களிலும் அந்த வழக்கம் இருந்தது. சந்தையில் அந்த வளையத்தைத் துண்டுக் குழாய் என்றும், முட்டைக் கிண்ணத்தைப் பொம்மை என்றும் போட்டு வைத்திருப்பார்கள். எதற்காகச் செய்த பொருள் என்று உனக்குத் தெரிந்தால் போதும், அது உன் கண்ணில் படும்.

4. எழுத்தையும் எண்ணையும் பார்த்து ஏமாறாதே.

நான் இந்த வேலையில் இறங்கிய முதல் வருடம், பன்னிரண்டு கரண்டி கொண்ட கட்டு ஒன்றைப் பார்த்தேன். பின்னால் பிரெஞ்சு எழுத்து பளிச்சென்று இருந்தது. ஒரு வாரக் கூலியை அப்படியே எண்ணிக் கொடுத்துவிட்டு வந்தேன். வில்லியனூர்ப் பத்தர் ஒருவர் உரைகல்லில் ஒரே ஒரு இழுப்பு இழுத்தார். கீழே மஞ்சள் தெரிந்தது. அந்த எழுத்து "மெத்தால் பிளான்", அதாவது வெள்ளை உலோகம். வெள்ளியே இல்லை என்பதைத்தான் பிரெஞ்சில் அவ்வளவு தெளிவாகக் குத்தியிருந்தார்கள். அந்த வாரம் வீட்டில் அரிசி கடன் வாங்கினோம். அந்த எழுத்தை நான் பிறகு மறந்ததில்லை.

"அர்ஜாந்தான்" என்றிருந்தால் அது ஜெர்மன் சில்வர். செம்பு, நிக்கல், துத்தநாகம் மூன்றும் சேர்ந்தது. பெயரில் இருக்கிற வெள்ளி உள்ளே இல்லை. "ருவோல்ஸ்", "அல்ஃபெனித்" என்றிருந்தால் முலாம். ஆங்கிலச் சாமானில் இ.பி.என்.எஸ். என்ற நான்கு எழுத்து இருந்தால் நிக்கல் கலவை மேல் மின்முலாம். ஷெஃபீல்டு என்று வெறும் ஊர்ப் பெயர் மட்டும் இருந்தால் அது ஊர்ப் பெயர்தான். ஆங்கில வெள்ளிக்கு அடையாளம் நடக்கிற சிங்கம். அதோடு சோதித்த ஊரின் சின்னம் சேர்ந்து வரும்: லண்டனுக்குச் சிறுத்தைத் தலை, பர்மிங்ஹாமுக்கு நங்கூரம், ஷெஃபீல்டுக்குப் பழைய காலத்தில் கிரீடம்.

84 என்ற எண்ணைப் பார்த்தால் நிதானி. பிரெஞ்சு முலாம் கரண்டியில் அது இருந்தால், ஒரு செட் கரண்டிகள் மேல் மொத்தம் 84 கிராம் வெள்ளி ஏற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஒரு கரண்டிக்குச் சில கிராம்தான். இதே 84 ரஷ்ய முத்திரையாக இருந்தால் 875 தரமுள்ள முழு வெள்ளி. எண் ஒன்றேதான், ஆனால் பொருள் வானத்துக்கும் பூமிக்கும்.

முலாம் என்றவுடன் தூக்கி எறியவும் வேண்டாம். கிறிஸ்தோஃபிள் என்ற பாரிஸ் நிறுவனம் 1830-இல் தொடங்கியது. 1840-களிலேயே மின்முலாம் உரிமை வாங்கி, மேசைச் சாமானில் பெயர் எடுத்தது. அந்தப் பெயர் முழுதாகக் குத்தியிருந்து, முலாம் தேயாமல், ஆறோ பன்னிரண்டோ சேர்ந்து கிடைத்தால் எடை மதிப்பு இல்லாவிட்டாலும் விலை உண்டு. வெள்ளி என்று சொல்லி அதை மற்றவரிடம் விற்றுவிடாதே. அது மட்டும் கூடாது.

5. நம் வெள்ளியில் முத்திரையைத் தேடாதே.

பிரெஞ்சு முத்திரையைக் கற்றுக்கொண்ட பிள்ளைகள் செய்கிற பெரிய தப்பு இது. முத்திரை இல்லை என்று நம் பத்தர் செய்த பொருளைக் கீழே வைத்துவிடுவார்கள். நம் ஊர்ப் பத்தர்கள் முத்திரை குத்தியவர்கள் இல்லை. வாங்குகிறவருக்குச் செய்தவரைத் தெரியும். அந்த நம்பிக்கைதான் முத்திரை.

சங்கிலியில் தொங்கும் சுண்ணாம்புக் கரண்டகம், பன்னீர்ச் செம்பு, சந்தனக் கிண்ணம், குங்குமச் சிமிழ், குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடை, பெண் குழந்தையின் இடுப்பில் கட்டிய அரைமூடி, தண்டை, காப்பு. இவற்றில் பலவும் இன்றைக்கு யாரும் பயன்படுத்தாதவை. அதனால்தான் சந்தைக்கு வருகின்றன. கறுத்துப்போய் ஈயம் மாதிரி கிடக்கும். "ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம்" என்று கூவிக்கொண்டு வந்தவர்களின் கூடையில் எத்தனை பாலாடை போயிருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் மனசு அடித்துக்கொள்கிறது.

இதில் வேலைப்பாட்டைப் பார். கையால் தட்டியதில் சுத்தியல் தடம் உள்பக்கம் லேசாகத் தெரியும், கனம் இடத்துக்கு இடம் மாறும். பழைய காப்பில் திருகாணியின் மரையைக் கையால் வெட்டியிருப்பார்கள், ஒழுங்காக இருக்காது. அச்சில் அழுத்தியதில் ஓரம் ஒரே சீராக இருக்கும். பாத்திரத்தில் புள்ளி புள்ளியாக வெட்டிய பெயர் இருந்தால் அதையும் படி. சிலதில் வருடமும் இருக்கும்.

சென்னையில் 1849-இல் தொடங்கிய பி. ஆர் அண்ட் சன்ஸ் கடை, தெய்வ உருவங்களைப் புடைப்பாகத் தட்டிய "சுவாமி" வேலைப்பாட்டு வெள்ளிக்குப் பேர்போனது. தேநீர்க் கிண்ணத்தைச் சுற்றி கிருஷ்ணரும் அனுமாரும் வரிசையாக நின்றால் அடியில் அவர்கள் பெயர் இருக்கிறதா என்று பார். தஞ்சாவூர்த் தட்டும் இதே மாதிரிதான்: பித்தளை என்று போட்டிருப்பார்கள், நடுவில் புடைத்து நிற்கும் உருவம் வெள்ளித் தகடாக இருக்கும்.

6. கண்ணும் மூச்சும் போதும், அமிலம் வேண்டாம்.

கரண்டியை மேசையில் வைத்தால் அதன் குழிவின் அடி எந்த இடத்தில் தரையைத் தொடுகிறதோ, அங்கேதான் முலாம் முதலில் தேயும். அந்த இடத்தில் மஞ்சளோ சிவப்போ எட்டிப்பார்த்தால் முடிந்தது. முள்கரண்டிக்குப் பல்நுனி, தட்டுக்கு விளிம்பு.

பொருளின் அருகில் வாயை வைத்து மெல்ல ஊது. கண்ணாடியில் ஊதுவது போல. மேலே படரும் ஆவி ஒரு கணம் ஒட்டுவேலைக் கோடுகளைக் காட்டிக்கொடுக்கும். அழித்த எழுத்தும் நிழலாகத் தெரியும். எழுத்தை அழித்த இடத்தில் தகடு மெலிந்திருக்கும். விரலால் அழுத்தினால் கொடுக்கும். அப்படியானதற்கு விலை குறைத்துக் கேள்.

காந்தம் ஒட்டினால் உள்ளே இரும்பு, வைத்துவிடு. ஒட்டாவிட்டால் எதுவும் தெரியாது. பித்தளையும் ஜெர்மன் சில்வரும்கூடத்தான் ஒட்டாது. கத்தியின் வெள்ளிப் பிடி பெரும்பாலும் தகட்டுக்குள் குங்கிலியமோ மெழுகோ நிரப்பியது. பழைய காப்பு, தண்டைகளில் அரக்கு இருக்கும். எடை போட்டு விலை பேசுகிறவர் அதையும் வெள்ளி விலையில்தான் சேர்ப்பார். நீ கழித்துப் பேசு.

நைட்ரிக் அமிலக் குப்பியைச் சிலர் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அலைகிறார்கள். இன்னொருவர் பொருளில் அமிலம் விடுவது அநியாயம். கறை போகாது, கை வெந்துவிடும். சந்தேகம் தீரவில்லையென்றால் வாங்கிய பிறகு பத்தரிடம் கொடு. உரைகல்லில் அடிப்பக்கத்தை ஒரு இழுப்பு இழுத்துச் சொல்லிவிடுவார். நேரு வீதி நகைக்கடைகளில் கருவி வைத்து டச், அதாவது வெள்ளியின் தரம், பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். அந்தக் கருவி மேல்தோலைத்தான் படிக்கும். முலாம் தடிமனாக இருந்தால் அதையே முழு வெள்ளி என்று காட்டிவிடும்.

7. வீட்டுக்கு வந்ததும் தண்ணீரில் தொங்கவிட்டுப் பார்.

இது பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்த சோதனை. சமையல் தராசு, டம்ளர், தண்ணீர், நூல் போதும். முதலில் கரண்டியை எடை போட்டு எழுதிக்கொள். வழியாதபடி முக்கால்வாசி தண்ணீர் ஊற்றிய டம்ளரைத் தராசில் வைத்துச் சுழியாக்கு. கரண்டியை நூலில் கட்டி, முழுதும் நனையும்படி, அடியையும் பக்கத்தையும் தொடாமல் தொங்கவிடு. இப்போது தராசு காட்டும் எண்ணால் முதல் எடையை வகுத்துக்கொள். 72 கிராம் கரண்டியைத் தொங்கவிட்டபோது தராசு 7 காட்டினால் விடை ஏறக்குறைய 10.3. சுத்த வெள்ளிக்கு 10.49, 950-க்கும் 925-க்கும் 10.4 சுற்றி; 800-க்கு 10.1. ஜெர்மன் சில்வரும் பித்தளையும் எட்டரையைச் சுற்றியே நிற்கும், ஒன்பதைத் தொடாது. சின்ன மோதிரத்துக்கு இந்தக் கணக்கு சரியாக வராது. தராசு ஒரு கிராம் தவறினாலே விடை புரண்டுவிடும். உள்ளே அரக்கு உள்ளதற்கும் இது ஆகாது.

8. காசுக்குத் தனிக் கண்.

பழைய ஒரு ரூபாய் 11.66 கிராம், அதுதான் ஒரு தோலா. 1835-லிருந்து 1939 வரை அதில் 91.7 சதவீதம் வெள்ளி. 1940 முதல் 1945 வரை பாதி வெள்ளி. 1947-இல் முழுக்க நிக்கல். ராஜா முகம் இருக்கிறது என்று மூன்றுக்கும் ஒரே விலை கேட்பவர்கள் உண்டு, வருடத்தைப் படி.

சைகோன் காசு என்று நம் பெரியவர்கள் சொன்னது இந்தோசீனாவின் பியாஸ்தர். கதிர்க்கிரீடத்தோடு உட்கார்ந்திருக்கும் பெண் உருவம் இருக்கும். 1895 முதல் 1928 வரை அடித்தது 27 கிராம், 900 தரம். இதற்குப் போலி ஏராளம். 27-க்கு இரண்டு மூன்று கிராம் குறைந்தாலே வைத்துவிடு. தண்ணீர்ச் சோதனை காசுக்கு நன்றாகவே ஒத்துவரும். மாலையில் கோக்கக் கொக்கி பற்றவைத்த காசு சேகரிப்பவரிடம் விலை இழக்கும். ஆனால் பாட்டி கழுத்தில் கிடந்த மாலையைப் பிரித்துக் காசாக விற்காதே என்பது என் வேண்டுதல்.

9. தேய்க்காதே.

கறுப்பு என்பது அழுக்கு இல்லை. காற்றில் இருக்கும் கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து படிந்தது. வேலைப்பாட்டின் குழிகளில் அந்தக் கறுப்பு இருந்தால்தான் உருவம் எடுப்பாகத் தெரியும். புளி, சாம்பல், பற்பசை, இரும்பு நார் எதுவும் வேண்டாம். ஒவ்வொரு தேய்ப்பும் முத்திரையைக் கொஞ்சம் தின்னும். மிகவும் தேவையென்றால் நல்ல விபூதியை மெல்லிய பருத்தித் துணியில் தொட்டு லேசாகத் துடை. முலாம் பொருளை அப்படியும் துடைக்காதே. ரப்பர் பேண்டு போட்டுக் கட்டாதே, கம்பளித் துணியில் சுற்றாதே. இரண்டிலும் கந்தகம் உண்டு. வெளுத்த பழைய பருத்திப் புடவைத் துண்டு போதும்.

10. விலை பேசும்போது.

வெள்ளி எடைக்கு எவ்வளவு போகும் என்று அன்றைய விலையை வைத்து மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொள். முதல் இரண்டு வருடம் அந்தத் தொகைக்கு மேல் எதற்கும் கொடுக்காதே. கடன் வாங்கி வாங்காதே. ஒன்றும் கிடைக்காமல் திரும்பும் ஞாயிறுகள்தான் அதிகம், அதற்காக ஏதாவது ஒன்றை வாங்கிக்கொண்டு வராதே.

கடை போட்டவர் வியாபாரி. அவரோடு பேரம் பேசு, தப்பில்லை. தன் வீட்டுப் பொருளைத் தானே கொண்டுவந்து உட்கார்ந்திருப்பவர் வேறு. ஒருமுறை ஒரு ஆயா, பழைய சேலை நாலைந்தோடு ஒரு சின்னக் குவளையை வைத்திருந்தார். விளிம்பில் மினெர்வா, எண் 1, எண்பது கிராமுக்குக் குறையாது. "ஐம்பது ரூபா குடுப்பா" என்றார். நான் ஐம்பதைக் கொடுத்துவிட்டு எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை வந்துவிட்டேன். அதற்கு மேல் கால் நகரவில்லை. திரும்பிப் போய், "ஆயா, இது வெள்ளி" என்று சொல்லிப் பத்தர் கடைக்கே கூட்டிக்கொண்டு போனேன். எடை போட்டு, அந்த விலையைக் கொடுத்துத்தான் வாங்கினேன். அந்தக் குவளை இன்னும் என்னிடம் இருக்கிறது. மற்ற எதையும் விட அதை எடுத்துப் பார்க்கும்போதுதான் எனக்கு நிறைவாக இருக்கிறது.

11. தொடக்கூடாதவை.

"உபயம்" என்று வெட்டிய எதையும் வாங்காதே. அது கோவிலுக்குக் கொடுத்தது. வில்லியனூர்த் திருக்காமீசுவரர் கோவில் தேரை இழுத்த ஊர்க்காரர் நாம். சுவாமி சொத்து சாக்கு மேல் கிடந்தால் கோவிலுக்கோ காவல் நிலையத்துக்கோ சொல்வது நம் வேலை. மாதா கோவிலின் பூசைக் கிண்ணம், நற்கருணைப் பாத்திரம், கதிர்பாத்திரம் இவற்றுக்கும் அதேதான். கதவு உடைத்து வந்த பொருள் என்று சந்தேகம் வந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் எழுந்து போய்விடு. திருட்டுப் பொருள் என்று தெரிந்து வாங்குவது சட்டப்படிக் குற்றம்.

நூறு வருடம் தாண்டிய கலைப்பொருளை 1972-இன் சட்டம் தொல்பொருள் என்கிறது. அதை நீ வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. வியாபாரமாகச் செய்ய உரிமம் வேண்டும். பிரான்சிலிருந்து வந்தவர் கேட்டார், சூட்கேசில் போட்டுக் கொடுத்தேன் என்று ஒருநாளும் நடக்கக்கூடாது. நிலத்தைத் தோண்டும்போது குடத்தில் காசு கிடைத்தால் அதிகாரிகளிடம் தெரிவித்துவிடு.

12. காலையில் போ. பேசாமல் குந்து.

கடை விரிக்கும்போதே அங்கே இரு. பளபளப்பாக மேலே வைத்திருப்பதை விட்டுவிட்டு, கரண்டிகளும் சாவிகளும் பூட்டுகளும் கலந்து கிடக்கும் தகர டப்பாவைக் கேள். எவர்சில்வர் கரண்டிகளுக்கு நடுவில் ஒன்று மட்டும் கறுத்திருந்தால் அதை முதலில் எடு, எவர்சில்வர் கறுக்காது. பழைய இரும்புக்கடைக்காரர்களோடு பழகி வை. வாங்கிய ஒவ்வொன்றையும் நோட்டில் எழுது: என்றைக்கு, எங்கே, என்ன விலை, என்ன முத்திரை, விற்றவர் என்ன சொன்னார். அவர் சொன்னதுதான் பிறகு கிடைக்காது.

13. கடைசியாக, உருக்குவது பற்றி.

வெள்ளி கிலோ லட்சம் ரூபாயைத் தாண்டிய பிறகு பரணில் கிடந்ததெல்லாம் கீழே இறங்குகிறது. ஒரு பட்டறையில் பன்னீர்ச் செம்பு ஒன்றை நசுக்குவதை நேரில் பார்த்தேன். கழுத்தில் கொடி ஓடியது, வாயில் தாமரை மொட்டு. மொட்டின் இதழ்களை ஒரு பத்தர் எத்தனை நாள் உட்கார்ந்து தட்டினாரோ. மூசைக்குள் நுழையவில்லை என்று சுத்தியலால் இரண்டு அடி அடித்தார்கள். நான் பணத்தைத் தேடிப் பைக்குள் கை விட்டபோது அது உள்ளே போய்விட்டது. எடைக்கு என்ன தொகையோ அதைத்தான் அந்த வீட்டுக்கும் கொடுத்திருப்பார்கள். நானும் அதையே கொடுத்திருப்பேன். ஐந்து நிமிடம்தான் பிந்திவிட்டேன்.

விற்கிற வீட்டைக் குறை சொல்ல மாட்டேன். பிள்ளை படிப்புக்கும் ஆஸ்பத்திரிக்கும் பணம் வேண்டும். அவர்களிடமும், பட்டறைக்காரர்களிடமும், இதைப் படிக்கிற உங்கள் எல்லோரிடமும் கேட்பது ஒன்றுதான். எடைத்தட்டில் வைப்பதற்கு முன்னால் ஒரு நாள் தள்ளிப்போடுங்கள். அந்த ஒரு நாளில் யாராவது ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு, கண்ணாடியோடு அதைத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள்.